கவுலும் குறியும்: செஞ்சிச் சீமையிலிருந்து கணினித் திரைவரை

கவுல் என்பது வாக்கு எனப் பொருள்படும் அரபுச் சொல். தமிழகத்துக் கச்சேரிகளில் அது ஆள்பவர் எழுதிக் கொடுக்கும் அனுமதிப் பத்திரத்தைக் குறித்தது. இன்ன நிலத்தை, இன்ன காலம்வரை, இன்ன வரி கட்டி, இன்ன காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கும். நிலம் கொடுத்தவருடையதாகவே இருக்கும். அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் கைமாறும். இன்று கணினியில் ஒரு மென்பொருளை நிறுவும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துகிறவர் பெறுவதும் இந்த வகைப் பத்திரம்தான். கடையில் பணம் கொடுத்து வாங்கினாலும் மென்பொருள் அவருக்குச் சொந்தமாவதில்லை. அதை ஓட்டிக்கொள்ளும் அனுமதிதான் சொந்தமாகிறது. இந்த அனுமதிக்கு உரிமம் என்று பெயர். மென்பொருளின் பெயரும் அதன் லோகோவும் உரிமத்தில் சேராதவை. அவற்றுக்கு வேறு சட்டம், வேறு விதி. இந்த இரண்டும் தனித்தனி என்பதைப் பழைய செஞ்சிச் சீமையின் கடற்கரை வணிகத்திலேயே காணலாம்.

1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1608ஆம் ஆண்டு வாக்கில் செஞ்சி நாயக்கரின் அனுமதி பெற்றுக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தது. அவர்களுக்கு வேண்டியது துணி. நாயக்கர் சீமையின் தறிகளில் நெய்த துணி மூட்டை கட்டப்பட்டுக் கப்பல் ஏறியது. வி என்ற எழுத்தின் இரண்டு கால்களிலும் ஓ, சி என்ற எழுத்துகளைக் கோத்த முத்திரையே கம்பெனியின் குறி. பீரங்கியிலும் காசிலும் பீங்கான் தட்டிலும் அந்தக் குறி இருந்தது. எந்தக் கிளையின் சரக்கு என்று காட்ட மேலே இன்னொரு எழுத்தைச் சேர்ப்பதும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் கிளையின் குறியில் ஏ என்ற எழுத்து இருக்கும். கடல் கடந்து பல நாடுகளில் ஒரே வடிவில் அறியப்பட்ட முதல் லோகோக்களில் அது ஒன்று. வணிகம் செய்ய அனுமதித்தவர் செஞ்சி நாயக்கர், துணியை நெய்தவர் ஊர் நெசவாளர், ஆனால் சந்தையில் அது கம்பெனியின் பெயரில் விற்றது.

1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியதும் கோட்டை மராட்டியர் வசமானது. அவருடைய மகன் ராஜாராம் செஞ்சியை இருப்பிடமாகக் கொண்டு முகலாயரை எதிர்த்துவந்த நாளில், 1690இல், தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அப்போது சென்னையில் ஆளுநர் எலிஹு யேல். அந்த விற்பனையின் எல்லை விதி விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரை உள்ள நிலமெல்லாம் வாங்கியவருக்கு என்பது பேச்சு. கம்பெனியார் இருந்ததிலேயே நல்ல பீரங்கியையும், அதை முழுத் தூரத்துக்குச் சுடத் தெரிந்த ஆளையும் ஏற்பாடு செய்து திசைக்கொரு குண்டு சுட்டார்கள். கடலூரும் சுற்றுக் கிராமங்களும் அந்த வளையத்துக்குள் வந்தன. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நெடுநாள் நிலைத்தது. பத்திரத்தின் சொல்லை வரிவரியாகப் படித்தவர் கம்பெனியார். பலனும் அவர்களுக்கே போனது. உரிமங்களைப் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் இன்றைய வழக்கத்துக்கு இந்தப் பழைய கதை நல்ல பாடம்.

குறி இடும் வழக்கம் ஊராருக்குப் புதிதன்று. சலவைக்குப் போடும் துணியின் ஓரத்தில் சேராங்கொட்டை மையால் இடும் புள்ளியும் கோடும், மாட்டின் தொடையில் இடும் சூடு, பித்தளைப் பாத்திரத்தில் வெட்டும் பெயர் எல்லாம் குறிகளே. பொருள் யாருடையது என்று அவை சொல்லின. யாரிடமிருந்து வந்தது என்று சொல்வது வணிகக் குறி. வாங்குகிறவர் ஏமாறாமல் இருப்பதற்காகச் சட்டம் அதைக் காக்கிறது. இந்தியாவில் 1889ஆம் ஆண்டுச் சட்டம் பொய்க் குறி இடுவதைக் குற்றமாக்கியது. குறியைப் பதிவு செய்யும் ஏற்பாடு 1940இல்தான் வந்தது. பிறகு 1958இல் ஒரு சட்டம். இப்போது நடப்பது 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் உள்ள 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். ஒரு முறை பதிந்தால் பத்து ஆண்டுகள் செல்லும். கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் முடிவே இல்லை. வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்தைப் போடுவது பதிவான குறிக்கு மட்டுமே உரியது. பதிவாகாத குறிக்கு அதை இடுவது சட்டப்படி தவறு.

பதிப்புரிமையின் வழி வேறு. 1914இலும் பின்னர் 1957இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் எழுத்தையும் இசையையும் படத்தையும் காத்தன. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்ததும் அந்த உரிமை தீர்ந்துபோகும். தமிழ்ப் பத்திரிகைகளில் பதிப்புரிமைக்கும் கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படும் உரிமைக்கும் காப்புரிமை என்ற ஒரே சொல் புழங்குவதால் வாசகருக்கு நேரும் குழப்பம் கொஞ்சமல்ல. கணினி நிரலுக்கு இந்தியாவில் பொருந்துவது முதன்மையாகப் பதிப்புரிமை. 1984இல் செய்த திருத்தம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது. சங்கப் பாடலின் உரையும் சம்பளப் பட்டியல் போடும் நிரலும் சட்டத்தின் பார்வையில் ஒரே வகைக்குள் வந்தன. 1995 மே மாதம் அமலுக்கு வந்த திருத்தம் 63பி என்ற பிரிவைச் சேர்த்தது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், கூடினால் 3 ஆண்டுச் சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ அல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறைத்தண்டனை விதிக்காமல், 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம். முறையாக வாங்கியவருக்குச் சில சலுகைகளையும் அதே சட்டம் தந்தது. கெட்டுப்போனால் உதவ ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ளலாம். நிரல் எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம். இந்தச் சலுகைகள் இருப்பது பலருக்குத் தெரியாது.

சட்டம் தில்லியில் திருத்தப்பட்டுவந்த அந்த ஆண்டுகளில்தான் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களின் அச்சகங்களில் ஈய எழுத்துப் பெட்டிகள் மூலைக்குப் போய், அந்த இடத்தில் கணினி வந்து உட்கார்ந்தது. திருமணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கடை பில் புத்தகம் எல்லாம் டிடிபி சென்டரில் தயாராயின. பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப் ஆகிய பெயர்கள் ஆங்கிலம் அறியாதவர் வாயிலும் புழங்கின. தட்டச்சுப் பயிற்சி நிலையங்களும் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறின. அவற்றின் பெயர்ப்பலகைகளில் ஓவியர்கள் விண்டோஸின் நான்கு வண்ணக் கொடியைப் பார்த்து வரைந்தார்கள். அது ஒரு நிறுவனத்தின் பதிவான குறி என்பது வரைந்தவருக்கும் தெரியாது, வரையச் சொன்னவருக்கும் தெரியாது. கணினி என்றாலே அந்தக் கொடிதான் என்பது ஊரின் எண்ணம்.

தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களோடு ஒரு பூட்டும் வந்தது. புனேயில் உருவான ஸ்ரீலிபியும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தந்த ஐஎஸ்எம் மென்பொருளும் டாங்கிள் என்ற சிறு கருவியை வைத்தே இயங்கின. தீப்பெட்டியளவு பிளாஸ்டிக் துண்டு. இரு புறமும் ஊசிகள் கொண்ட இணைப்பு. கணினியின் பின்புறம் பிரிண்டர் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் டாங்கிளைச் செருகி, அதன்மேல் பிரிண்டர் கம்பியை மாட்டித் திருகாணிகளை முறுக்க வேண்டும். மென்பொருள் திறக்கும்போது அந்தத் துண்டைத் தேடும். காணவில்லை என்றால் வேலை செய்யாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மென்பொருளின் முழு உரிமமும் அந்தத் துண்டுக்குள் அடங்கியிருந்தது. அது தொலைந்தால் உரிமமும் தொலைந்தது. எழுதிக் கொடுத்த கவுல் பொருளாக வடிவெடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

பூட்டு இருந்தும் எழுத்துருக்கள் ஊரெங்கும் பரவின. ஆள்களின் நேர்மைக் குறைவை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. அன்றைய எழுத்துருக்கள் அமைந்த விதமே நகலெடுப்பைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் அடுக்கியிருந்தது. ஒருவர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருவர் 'னை' வைத்திருப்பார். ஒரு கடையில் தட்டிய பத்திரிகையை அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் டாலர் குறியும் கலந்த குப்பைதான் தெரியும். ஆகவே கோப்பைப் பிளாப்பியில் கொடுக்கும் ஒவ்வொருவரும் எழுத்துருவையும் சேர்த்தே கொடுத்தார்கள். தான் எழுதியதை அடுத்தவர் படிக்க வேண்டுமென்றால் உரிமத்தை மீறியே ஆக வேண்டும் என்ற நிலை. இப்படி ஒரு மொழி பேசும் மக்களே தங்கள் எழுத்தைப் படிக்க அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இருந்தார்கள். தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான பகுதி வேறில்லை.

இதிலிருந்து மீட்டவர்களில் பலர் தமிழகத்துக்கு வெளியே இருந்தவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கியிருந்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவை வடித்து இலவசமாகவே கொடுத்தார். 1998 பொங்கலன்று அவரும் நண்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்தது. அதன் கோப்புகளின் தலைப்பில் ஒரு குறிப்பு உண்டு: இந்த முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். சாதாரண வாசகருக்குப் புரியும்படி ஒரே வாக்கியத்தில் எழுதிய உரிமம் அது. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் அந்த முகப்பில் இருப்பதால் அதை நீக்கக் கூடாது என்ற நிபந்தனையின் நியாயமும் எளிதில் விளங்கும்.

தமிழ் எழுத்துகளுக்குப் பொதுவான இடங்களை வகுக்க உலகத் தமிழர்கள் இணையம் வழி கலந்துபேசி உருவாக்கிய டிஸ்கி குறியேற்றம் 1990களின் இறுதியில் வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் அரசின் ஏற்பைப் பெற்றன. இவை எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது யூனிகோடு. 1991இலேயே அதில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகே பலர் கைக்கு எட்டியது. தமிழக அரசு 2010இல் அதை ஏற்றது. யூனிகோடில் எழுதியதை எந்த யூனிகோடு எழுத்துருவிலும் படிக்கலாம். கோப்போடு எழுத்துருவையும் திருட்டுத்தனமாகக் கொடுக்க வேண்டிய தேவை அன்றோடு முடிந்தது.

இதே காலத்தில் எ-கலப்பை பலரைத் தமிழில் எழுத வைத்தது. முகுந்தராஜும் நண்பர்களும் தந்த அந்த இலவச மென்பொருள் தொடக்கத்தில் கீமேன் என்ற தனியுரிமை நிரலின்மேல் இயங்கியது. அடித்தளம் இன்னொருவருடையது என்றால் மேலே கட்டியதை எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் ஒரு கட்டு இருக்கும். பிற்காலப் பதிப்பு அந்தச் சார்பை விட்டுக் கட்டற்ற உரிமத்தில் வந்தது. கீமேனும் 2015இல் கைமாறி, 2018இல் முழுவதும் இலவசமாகவும் திறந்த மூலமாகவும் ஆனது.

கட்டற்ற உரிமம் என்பதன் தொடக்கம் அமெரிக்காவில். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் முதல் பதிப்பு வந்தது. பயன்படுத்தலாம், மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை, பெற்றவர் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தமிழ் வாசகருக்கு நாட்டுடைமை என்ற சொல் நன்கு பழகியது. பாரதியின் எழுத்துரிமையை 1949இல் அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியதிலிருந்து அந்த வழக்கம் தொடர்கிறது. நாட்டுடைமையான நூலுக்கு உரிமையாளர் இல்லை, நிபந்தனையும் இல்லை. ஜிபிஎல் நிரலுக்கு இரண்டும் உண்டு. எழுதியவர் தம் பதிப்புரிமையை விட்டுவிடவில்லை. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பகிர்வைக் கட்டாயமாக்குகிறார். இலவச மென்பொருள் என்று சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. அதனால்தான் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லை ஆக்கிக்கொண்டார்கள்.

நிரலை இப்படித் திறந்து கொடுத்தவர்களுக்குப் பெயரால் வந்த தொல்லை எதிர்பாராதது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் உலகெங்கும் பரவியது. ஆனால் லினக்ஸ் என்ற பெயரை யாரும் பதிந்துவைக்கவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த ஒருவர், லினக்ஸுக்காக ஒரு வரிகூட எழுதாதவர், 1994இல் விண்ணப்பித்து அந்தப் பெயரை அமெரிக்காவில் தம் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டு மற்றவர்களிடம் பணம் கேட்டார். வழக்குக்குப் பின் 1997இல் உடன்பாடாகி, பெயர் டோர்வால்ட்ஸுக்கே எழுதிக் கொடுக்கப்பட்டது. நிரலைப் பொதுவாக்கலாம், பெயரைக் காக்காமல் விட்டால் வேறொருவர் கொண்டுபோவார் என்று கட்டற்ற மென்பொருள் உலகம் அப்போதுதான் உணர்ந்தது. லினக்ஸின் அடையாளமான டக்ஸ் என்ற பென்குயினை 1996இல் வரைந்த லாரி யூயிங் வைத்த விதி மிக எளிமையானது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம். கேட்பவர்களுக்கு வரைந்தவர் பெயரையும் வரையப் பயன்பட்ட கிம்ப் மென்பொருளின் பெயரையும் சொன்னால் போதும்.

லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பை உருவாக்கும் குழுவினர் 1999இல் தங்கள் குறியை இரண்டாக வகுத்தார்கள். சிவந்த சுழி மட்டும் உள்ள லோகோவை யாரும் பயன்படுத்தலாம். டெபியனைப் பற்றிய சுவரொட்டி, சட்டை, கோப்பை எதிலும் போடலாம். சீசாவிலிருந்து அந்தச் சுழி புகையாக எழுவதுபோல வரைந்த இன்னொரு லோகோ குழுவின் அதிகாரபூர்வ வேலைகளுக்கு மட்டும் உரியது. ஊர்ப் பொதுப் பெயருக்கும் பஞ்சாயத்து முத்திரைக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஊர்ப்பெயரை யாரும் கடைப் பலகையில் எழுதலாம். முத்திரையைத் தலைவர்தான் குத்தலாம்.

லோகோ விதிகளால் நடந்த சண்டைகளில் மிகவும் அறியப்பட்டது ஃபயர்பாக்ஸுடையது. மோசில்லா அமைப்பின் அந்த உலாவியின் நிரல் கட்டற்றது. உலகைச் சுற்றி வளைந்த செந்நிற நரி லோகோ அப்படி அல்ல, பதிவான குறி. டெபியனின் கொள்கை, முழுக் கட்டற்ற உரிமம் இல்லாத எதையும் தன் தொகுப்பில் சேர்ப்பதில்லை. அதனால் நரியை எடுத்துவிட்டு ஃபயர்பாக்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்து வெளியிட்டார்கள். பெயரும் லோகோவும் சேர்ந்தே வர வேண்டும், நிரலில் செய்யும் மாற்றங்களுக்கும் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2006இல் மோசில்லா சொன்னது. டெபியன் அதே உலாவிக்கு ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றியது: நெருப்பு போய்ப் பனி வந்தது, நரி போய் மரநாய் வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அதே உலாவி. பத்து ஆண்டுகள் கழித்து 2016இல்தான் உடன்பாடாகிப் பழைய பெயர் திரும்பியது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. மாற்றி எழுதிய நிரல் தன் பெயரில் பரவிப் பழுதானால் பழி தன்மேல் விழும் என்ற மோசில்லாவின் அச்சம் உண்மையானது.

ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸுக்கும் இதே விதி. மூல நிரலை எடுத்துத் தொகுத்து 2004இல் சென்ட்ஓஎஸ் குழுவினர் இலவசமாக வெளியிட்டபோது, ரெட் ஹாட்டின் பெயரையும் சிவப்புத் தொப்பியையும் ஒன்றுவிடாமல் நீக்கினார்கள். தங்கள் அறிவிப்புகளில் மூல நிறுவனத்தைப் பெயர் சொல்லாமல், வட அமெரிக்காவின் பெயர்பெற்ற லினக்ஸ் விற்பனையாளர் என்றே குறித்துவந்தார்கள். உபுண்டு லினக்ஸை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாகக் குறுந்தகடு அனுப்பியது. தமிழகத்தின் கல்லூரி மாணவர் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அந்த அட்டை உறை வழியாகத்தான். நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். நகல் எடுப்பதே குற்றம் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த வரி தந்த வியப்பை இன்று விளக்குவது கடினம். ஆனால் உபுண்டுவை மாற்றி அமைத்து வெளியிடுகிறவர் அதன் பெயரையும் மூன்று தலைகள் சேர்ந்த வட்டத்தையும் விட்டுவிட வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி.

தமிழகத்தில் இந்த உரிமங்கள் அரசு வழியாகவும் தன்னார்வலர் வழியாகவும் வந்தன. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியிலேயே கூடத் தொடங்கிவிட்டது. 2005இல் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையத்திலும் சி-டாக்கின் சென்னைக் கிளையிலுமாகக் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தது. அங்கிருந்து 2007இல் பாஸ் லினக்ஸ் வந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆனால் பெயரும் லோகோவும் சொந்தம். நிரலை எடுத்துக்கொள்ளலாம், அடையாளத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்ற விதிப்படி நடந்த நம் ஊர் எடுத்துக்காட்டு அதுவே. அதே ஆண்டுகளில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளைச் சுசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர்களுக்கான மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தன. ஆக, கிராமத்து மாணவரின் கையில் இரண்டு வகை உரிமங்கள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று அந்தக் கணினியோடு கட்டப்பட்டது, வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாதது. மற்றது ஊருக்கே நகலெடுத்துக் கொடுக்கத் தக்கது. இந்த வேறுபாட்டை எந்தப் பள்ளியாவது பாடமாக எடுத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வேலையைச் செஞ்சி வட்டம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில் எடுத்துக்கொண்டவர்கள் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர். கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் கணினிப் பயிற்சி தருவதும் கட்டற்ற மென்பொருளை அறிமுகம் செய்வதும் அவர்கள் பணி. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழும் அதன் நண்பர்கள் நடத்தும் இலவச மின்னூல் தளமும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைத் தமிழ் எழுத்தாளர்களிடம் கொண்டுசென்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் அப்படிப்பட்ட உரிமத்தில் உள்ளவை. எடுத்தாளுகிறவர் மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் தந்தால் போதும். புதிர்த் துண்டுகளால் ஆன உருண்டை லோகோ மட்டும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பதிவான குறி. அந்த உருண்டையின் ஒரு துண்டில் 'வி' என்ற தமிழ் எழுத்து இருக்கிறது.

எழுத்துரு உலகில் பயன்படுத்தும் உரிமை, பெயர் ஆகிய இரண்டையும் ஒரே பத்திரத்தில் தெளிவாகப் பிரித்தது திறந்த எழுத்துரு உரிமம். அதன் இப்போதைய வடிவம் 2007இல் வந்தது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், பிரியா ரவிச்சந்திரன் வடித்த கட்டமரன், இலங்கையின் தாரிக் அசீஸ் வடித்த கவிவாணர் போன்றவை இந்த உரிமத்தில் கிடைக்கின்றன. செஞ்சியில் ஒரு டிடிபி சென்டர்காரர் இவற்றை இறக்கி, காசு வாங்கி அழைப்பிதழ் அடித்துக் கொடுக்கலாம். அச்சிட்ட பொருளுக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. எழுத்துருக் கோப்பைத் தனிச் சரக்காக விற்கக் கூடாது. எழுத்தின் வளைவுகளை மாற்றிப் புது எழுத்துரு செய்யவும் தடையில்லை; ஆனால் மூல ஆசிரியர் பெயரை ஒதுக்கிவைத்திருந்தால் புது எழுத்துருவுக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. டாங்கிள் செருகிய நாளிலிருந்து இங்கே வந்து சேர ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின.

கடைக்காரரும் மாணவரும் அன்றாடம் சந்திக்கும் கேள்விகளுக்கு இந்த வரலாற்றிலேயே விடை கிடைக்கிறது. இன்ன நிறுவனத்தின் பிரிண்டரைப் பழுதுபார்க்கிறோம் என்று பலகையில் பெயரை எழுதலாம். தொழிலைச் சொல்ல அந்தப் பெயர் தேவைப்படுகிறது, நேர்மையான அத்தகைய பயன்பாட்டைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த நிறுவனத்தின் லோகோவைப் பெரிதாக வரைந்து, அங்கீகாரம் பெற்ற கடைபோலக் காட்டுவது குறியை மீறுவதாகும். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெட்டியில் ஒட்டிய சான்றுச் சீட்டு அல்லது கணினிக்குள் பதிந்த எண்ணோடு கட்டுப்பட்டது. பழைய கணினியை விற்றால் அதோடு போய்விடும். கட்டற்ற மென்பொருளைப் பெற்றவர் பத்துப் பேருக்கு நகல் கொடுக்கலாம். உள்ளே கை வைத்து மாற்றிவிட்டால் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கலாம். இலவசமாக இறங்குகிறது என்பதாலேயே ஒரு மென்பொருள் கட்டற்றதாகிவிடாது. வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம், கடைக்குக் கட்டணம் என்று உரிமத்தில் எழுதியிருப்பது சாதாரணம். கடையில் பயன்படுத்துகிறவர் அந்த ஒரு வரியையாவது தேடிப் படிப்பது நல்லது.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது செஞ்சி. அதோடு செஞ்சிக்குப் புதிதாக ஒரு லோகோவின் விதியும் வந்து சேர்ந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த மிஷேல் ஒலிஃப் வடிவமைத்து 1978இல் ஏற்கப்பட்ட உலகப் பாரம்பரியச் சின்னம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் மனிதர் படைத்ததை, வட்டம் இயற்கையைக் குறிக்கிறது. இரண்டும் ஒரே கோட்டால் இணைந்திருக்கின்றன. அந்தச் சின்னத்தை விடுதிப் பலகையிலோ, தண்ணீர் பாட்டிலிலோ, சுற்றுலா வண்டியிலோ, கோட்டையைக் காட்டும் செயலியின் முகப்பிலோ வணிகத்துக்காக யாரும் தாமாகப் போட்டுக்கொள்ள முடியாது. முன் அனுமதி வேண்டும். உலகப் பாரம்பரிய இடமான செஞ்சிக் கோட்டை என்று எழுத்தில் எழுதுவது உண்மையைச் சொல்வது, அதற்குத் தடையில்லை. ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும், கல்யாண மகாலின் அடுக்கு மாடத்தையும் ஓவியர் பார்த்து வரைந்து கடைப் பலகையில் வைப்பதற்கும் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்காது. பிறர் எடுத்த புகைப்படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் மட்டும் படமெடுத்தவரைக் கேட்க வேண்டும். வட்டமும் சதுரமும் வேண்டுவோர் எழுதிக் கேட்க வேண்டிய இடம், தில்லியில் உள்ள யுனெஸ்கோவுக்கான இந்திய தேசிய ஆணையம்.